தியானம் முடிந்து ஊர் திரும்பிய பிறகு விசுவாசத்தைக் காப்பது எப்படி?

காரைக்குடி மாணவி:

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மே மாதம் எங்கள் பங்கு இளைஞர்களோடு மூன்று நாள் தியானத்துக்குப் போய் வந்தேன். கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். முதல் நாள் எரிச்சலாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பல வருடமாக யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். அன்று இரவு நற்கருணை ஆராதனையில், ஆண்டவர் இங்கே இருக்கிறார், என்னைத் தெரிந்தே இருக்கிறார் என்பது எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அழுதேன். கூட வந்தவர்கள் எல்லோருமே அழுதார்கள்.

ஊருக்கு வந்த புதிதில் காலையில் விவிலியம், இரவில் செபமாலை என்று நன்றாகத்தான் போனது. அப்புறம் கல்லூரி திறந்தது. ரெக்கார்டு நோட்டு, இன்டர்னல் தேர்வு, கூட்டமான பஸ். இப்போது செபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வருகிறது, மனசு வரவில்லை. தியானக் குழுவுக்கென்று தொடங்கிய வாட்ஸ்அப்பில் ஆரம்பத்தில் தினமும் ஒருவர் ஒரு வசனம் போட்டு அதைப் பற்றி நாலு வரி எழுதுவார். இப்போது காலை வணக்கப் படங்கள் மட்டும் வருகின்றன.

எங்கள் வீட்டில் அம்மாவும் நானும்தான் கோயிலுக்குப் போகிறோம். அப்பா வீட்டுப் பக்கம் எல்லோரும் இந்துக்கள், பாசமானவர்கள். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் மாசி பங்குனித் திருவிழா என்றால் வீடு நிறைய உறவினர். அது பெரும்பாலும் ஈஸ்டருக்கு முந்தைய எங்கள் தவக்காலத்தோடுதான் வரும். ஆக, வீட்டுச் சூழ்நிலை தானாக என்னைப் பிடித்து நிறுத்தாது. நானாகத்தான் நிற்க வேண்டும்.

அந்த இரவில் நடந்தது உண்மையா, அல்லது பாட்டும் இருட்டும் மெழுகுவர்த்தியும் சேர்ந்து கொடுத்த உணர்ச்சியா? உண்மை என்றால் அதை எப்படிக் காப்பாற்றுவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மானகிரிக்காரன்:

தங்கச்சி, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டிருக்கிறாய். வெளிப்படையாகவே சொல்கிறேன். வீட்டை விட்டு வந்து, தூக்கம் குறைந்து, ஒரே வயதுப் பிள்ளைகளோடு நாள் முழுக்க இருந்து, இருட்டில் மெதுவான இசை கேட்டால் எந்த மனசும் இளகும். இளகுவது தப்பில்லை. ஆண்டவர் இளகிய மனசிலும் பேசுவார். ஆனால் மேடையில் நின்று “இன்றோடு உன் பழைய வாழ்க்கை முடிந்தது” என்று பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை காலை என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தையும் சொல்லாமல் பஸ் ஏற்றி அனுப்பும் பிரசங்கிகள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. உணர்ச்சி அடங்கியதும் அந்தப் பிள்ளை, விசுவாசமே போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறது.

நம் ஊரையே பார். தை மாதம் நகரத்தார் காவடி எடுத்துக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடந்து போகிறார்கள். தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. நடப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வருடமும் பரவசம் வருமா? வராது. ஆனாலும் நடை நிற்பதில்லை. தேதி உண்டு, கூட நடக்க ஆள் உண்டு, வழியில் சோறு போடக் காத்திருக்கும் ஊர் உண்டு. நம் இளைஞர் தியானங்களுக்குப் பின்னால் இந்த மூன்றில் எது இருக்கிறது?

அதிகாலை ஜெபம்:

ஸ்தோத்திரம். நான் காரைக்குடி சி.எஸ்.ஐ. சபை. எங்கள் வாலிபர் முகாம்களிலும் இதே கதைதான், அதனால் எழுதுகிறேன்.

மாற்கு 9ஆம் அதிகாரத்தை உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள் சகோதரி. மலையில் கர்த்தர் மறுரூபமாகிறார். பேதுரு அங்கேயே மூன்று கூடாரம் போடலாம் என்கிறார். சரி, கீழே இறங்கி வந்தால் என்ன நடக்கிறது? ஒரு தகப்பன் வலிப்பில் துடிக்கும் மகனோடு நிற்கிறார், சீஷர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை, சுற்றிலும் வாக்குவாதம். மலையின் மகிமைக்கும் அடிவாரத்தின் தோல்விக்கும் நடுவே வேதாகமத்தில் சில வசனங்கள்தான் இருக்கின்றன. நீங்கள் இப்போது அடிவாரத்தில் நிற்கிறீர்கள், அவ்வளவுதான். அங்கேதான் அந்தத் தகப்பன், “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று சொல்கிறார். மலையில் யாரும் அப்படி ஒரு ஜெபம் செய்யவில்லை.

எனக்குத் தெரிந்த வழி அதிகாலை. வீடு எழுந்திருக்கும் முன், கைபேசியைத் தொடும் முன். மாற்கு சுவிசேஷம் மொத்தம் 16 அதிகாரம். தினமும் ஓர் அதிகாரம் வேண்டாம், ஒரு சம்பவம் போதும். வாசித்து, அதில் ஒரு வரியை அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் நின்றுகொண்டே அதை நினைக்கலாம்.

தேவகோட்டை டீச்சர்:

இயேசுவுக்கே புகழ். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன், மறைக்கல்வி வகுப்பிலிருந்து ஓய்வு பெறவில்லை.

முதல் கேள்விக்கு என் பதில் இதுதானம்மா: அழுகையை வைத்து அந்த இரவை அளக்காதே. பல வருடமாகச் சொல்லாத ஒன்றை அன்று சொன்னாய் என்று எழுதியிருக்கிறாய், அதை வைத்து அளந்து பார். சூழ்நிலை உன்னைத் தூண்டியிருக்கலாம். ஆனால் சொன்னது நீ, பாவமன்னிப்புப் பெற்றதும் நீ. அது நடந்து முடிந்த காரியம். நீ அதை இன்று உணராவிட்டாலும் அது நடந்தது நடந்ததுதான். எந்த செமஸ்டரும் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளாது.

இரண்டாவது கேள்வி. இதற்கு நம் மறவ நாட்டு (ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து) கிறிஸ்தவர்களின் கதையே ஒரு பதில் வைத்திருக்கிறது. இயேசு சபைக் குரு அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) காலத்தில் இந்தச் சீமையில் குருக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு கிராமத்துக்குச் சாமியார் வந்து போனால், அடுத்து எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. அவர் வரும் நாட்கள்தான் அந்த ஊருக்குத் தியானம்: பூசை, பாவசங்கீர்த்தனம், ஞானஸ்நானம் எல்லாம் அப்போதுதான். மீதி நாட்களில் உபதேசியார் இருந்தார். சாயங்காலம் மணி அடித்து ஆட்களைக் கூட்டி மந்திரம் சொல்ல வைத்தார், செத்தவர்களை அடக்கம் செய்தார், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தார். 1773இல் இயேசு சபையையே ரோமாபுரி கலைத்துவிட்டது. 1814இல் மீண்டும் ஏற்படுத்தினாலும், மதுரை மிஷனுக்குப் பிரெஞ்சு இயேசு சபையார் வந்து சேர்ந்தது 1830களின் இறுதியில்தான். அந்த இடைவெளியில் நம் பக்கத்துக் கிராமங்களுக்கு வந்துபோன குருக்கள் மிகச் சிலர். ஆனாலும் அவர்கள் திரும்பி வந்தபோது இங்கே கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். அந்த மக்களை இத்தனை வருடம் தாங்கியது எந்த உணர்ச்சி? மணி அடித்த ஓர் ஆளும், மணி கேட்டதும் வந்து கூடிய பக்கத்து வீட்டுக்காரர்களும்தான் தாங்கினார்கள் என்று நான் நினைக்கிறேன்.

சருகணியில் லெவே அடிகளின் கல்லறை இருக்கிறது. பிரான்சிலிருந்து வந்து இந்த வறண்ட பூமியில் வாழ்ந்து 1973இல் சருகணியிலேயே இறந்தவர். செபமனிதர் என்று பேர் வாங்கியவர், அதோடு ஊர் ஊராகக் கண்மாய் வெட்ட வைத்தவர். மழை சில நாள்தான் பெய்யும், கரை இருந்தால்தான் தண்ணீர் நிற்கும் என்பது இந்தப் பக்கத்து விவசாயி எவருக்கும் தெரியும். தியானம் மழைதான். உனக்குக் கரை எங்கே இருக்கிறது என்று பார்.

நான் கரை என்று சொல்வது, உன்னை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளை. “தினமும் செபிப்பேன்” என்று உனக்கு நீயே கொடுக்கும் வாக்கு உடைந்தால் கேட்க யாரும் இல்லை. பங்கில் மறைக்கல்விக்கு ஆள் இல்லாமல் தவிக்கிறார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை ஏற்றுக்கொள். ஞாயிறு காலையில் அந்தப் பிள்ளைகள் வந்து பாயில் உட்கார்ந்திருப்பார்கள், உனக்கு மனசு இருக்கிறதோ இல்லையோ. சனிக்கிழமை இரவே நீ நற்செய்தியை எடுத்து வாசித்தாக வேண்டும். அதுகள் கேட்கும் கேள்விக்குப் பதில் தேட வேண்டும். “டீச்சர், கடவுள் நல்லவர்னா எங்க தாத்தா ஏன் செத்தாரு?” என்று ஒரு பையன் கேட்பான். அந்தக் கேள்வியோடு நீ நற்கருணைப் பேழைக்கு முன்னால் போய் உட்கார்ந்தால் அதுதான் செபம். அப்போது மனசு எங்கும் ஓடாது.

மானகிரிக்காரன்:

டீச்சர் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மீதிப் பாதி எனக்குப் பயம் தருகிறது. பங்குப் பேரவையில், சபைகளில், பாடகர் குழுவில் பல வருடமாகப் பொறுப்பில் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கோயில் வேலை அத்தனையும் செய்வார்கள். திருவிழா என்றால் கொடியேற்றத்திலிருந்து தேர் வரை அவர்கள் கைதான். ஆனால் அவர்களிடம் ஆண்டவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால் பேச்சு நன்கொடை நோட்டுக்குப் போய்விடும். கடமையைக் கொடுத்துவிட்டால் விசுவாசம் வந்துவிடுமா? இந்தப் பெண் ஆண்டவரைத் தேடி வருகிறாள். அவளுக்கு ஒரு வருகைப் பதிவேட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடக் கூடாது.

பழைய பீடச்சிறுவன்:

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் தேவகோட்டை பக்கம். சின்ன வயதில் பூசைக்கு உதவி செய்தவன். இளையோர் தியானத்துக்கும் போயிருக்கிறேன், அந்தச் சந்தோஷம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

டீச்சர் ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்கிறார்கள். எங்களுக்கு? அவசர ஆர்டர் வந்தால் ஞாயிறும் வேலை. ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்தால் எட்டுப் பேர் தூங்குகிறார்கள், விளக்கைப் போட முடியாது. ஊரில் நான் யார் மகன் என்று எல்லோருக்கும் தெரியும். இங்கே பூசைக்குப் போனால் கடைசி வரிசையில் நின்றுவிட்டு வந்துவிடலாம், ஏன் வந்தாய் என்றும் கேட்க மாட்டார்கள், ஏன் வரவில்லை என்றும் கேட்க மாட்டார்கள். எங்கள் தியானத்துக்கு வந்த பையன்களில் பாதிப் பேர் இப்போது சென்னை, கோவை, சிங்கப்பூர் என்று இருக்கிறார்கள். சென்னைக்குப் பல்லவன் ரயிலில் ஏறினால் காரைக்குடி போய்விடும், அதோடு பங்கும் போய்விடும். எங்களை எதிர்பார்த்து யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

மூன்று பிள்ளைகளின் அம்மா:

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பிள்ளை தியானம் முடிந்து வந்த பிறகு வீட்டில் நாம் செய்யும் ஒரு காரியம் அதன் மனசை உடைத்துவிடுகிறது. காலையில் எழுந்திருக்கக் கொஞ்சம் தாமதமானால், தம்பியோடு சண்டை போட்டால், உடனே “தியானத்துக்குப் போய் வந்தவள் பேசுகிற பேச்சா இது?” என்கிறோம். பக்கத்து வீட்டு ஆட்கள் முன்னால்கூடச் சொல்கிறோம். அந்தப் பிள்ளைக்குக் கிடைத்த புனிதமான ஒன்றை எடுத்து அதையே அடிக்கும் பிரம்பாக்கிவிடுகிறோம். அப்புறம் அது தன் அனுபவத்தைப் பற்றி நம்மிடம் வாயே திறக்காது.

என் மூத்த மகள் தியானத்திலிருந்து வந்த இரவு, சாப்பிட்டு முடித்ததும், “ஒரு அருள் நிறைந்த மந்திரம் மட்டும் சேர்ந்து சொல்லலாமா?” என்று கூச்சத்தோடு கேட்டாள். எங்கள் வீட்டில் குடும்ப செபம் நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. சொன்னோம். இன்றும் அந்த ஒரு மந்திரம்தான், பெரிதாக வளரவில்லை. ஆனால் வெளியூரில் விடுதியில் இருக்கும்போதும் அந்த நேரத்துக்கு அவள் போன் செய்கிறாள். அப்பா கோயிலுக்கு வராத வீட்டிலும், மாணவி, உன் அம்மாவோடு இதைச் செய்யலாம். அம்மாக்கள் பிள்ளைகள் கேட்பதற்காகக் காத்துக்கொண்டிருப்பார்கள், தாங்களாகக் கேட்கத் தயங்குவார்கள்.

கண்மாய்க்கரை:

யாரும் பேசாத ஒன்றைப் பேசுகிறேன். தியானத்தில் நாங்கள் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒரே அறையில் படுத்தோம். ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்துச் செபித்தோம். “கிறிஸ்துவில் யூதர் என்றும் கிரேக்கர் என்றும் இல்லை” என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியதை ஃபாதர் வாசித்தார். என் வாழ்க்கையில் அது முதன்முதலாக உண்மையாக இருந்த மூன்று நாள் அது.

ஊருக்கு வந்தேன். எங்கள் கல்லறையில் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. சுவர் இல்லை, கோடுதான், ஆனால் எல்லோருக்கும் தெரியும் எந்தப் பக்கம் யாரைப் புதைப்பது என்று. தேர் எந்தத் தெருவரை வரும், எங்கே திரும்பும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். என்னோடு தோளில் கை போட்டுச் செபித்த பையன், ஊர்ப் பெரியவர்கள் முன்னால் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்குச் செபிக்க முடியாமல் போனதற்குக் காரணம் ரெக்கார்டு நோட்டு இல்லை. ஆண்டவர் மேல் கோபமும் இல்லை. அங்கே கண்டது உண்மையா, இங்கே காண்பது உண்மையா என்று தெரியவில்லை.

தேவகோட்டை டீச்சர்:

கண்மாய்க்கரை தம்பி எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். நான் முதலில் உனக்கே பதில் சொல்கிறேன் தம்பி.

அங்கே கண்டதுதான் உண்மை. இங்கே இருப்பது பாவம். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. திருச்சபை எழுத்தில் சாதியைக் கண்டித்துவிட்டு நடைமுறையில் பல இடங்களில் விட்டுவைத்திருக்கிறது. உன் விசுவாசம் குளிர்ந்துபோகவில்லை தம்பி, அது காயப்பட்டிருக்கிறது. குளிர்ந்தவனுக்கு அந்தக் கோடு கண்ணில் படாது.

ஓரியூருக்கு எல்லோரும் போகிறோம், செம்மண்ணை எடுத்து நெற்றியில் வைக்கிறோம். அந்த மண் எதனால் சிவந்தது என்பதை நம் இளைஞர்களுக்கு முழுதாகச் சொல்வதில்லை. மறவ நாட்டுத் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர் நோயில் கிடந்தார், குணமானார், திருமுழுக்குப் பெற்றார். அதோடு நின்றிருந்தால் யாருக்கும் பிரச்சினை இல்லை. ஆனால் தம் மனைவியரில் முதல் மனைவியோடு மட்டும் வாழ்வது என்று முடிவெடுத்தார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் மறவ நாட்டு அரசர் சேதுபதியின் உறவுப்பெண். அங்கேதான் நெருப்புப் பற்றியது. அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் வெட்டப்பட்டார். இவர் 1686லேயே தம் உபதேசியார்களோடு பிடிபட்டுச் சித்திரவதை அனுபவித்து விடுதலையானவர்; போர்ச்சுகலுக்குப் போய், அங்கேயே தங்கும்படி வற்புறுத்தல் இருந்தும் திரும்பி இதே மறவ நாட்டுக்கு வந்தவர். விசுவாசம் வீட்டையும் உறவையும் ஊர் வழக்கத்தையும் தொடும்போது விலை கேட்கிறது. தியானத்தில் கேட்காத விலையை ஊர் கேட்கும். உன்னிடம் இப்போது கேட்கிறது. முகத்தைத் திருப்பிய அந்தப் பையனிடமும் கேட்கிறது.

இனி மானகிரிக்காரருக்கு. நீங்கள் சொன்ன ஆட்களை நானும் பார்த்திருக்கிறேன். செபமில்லாத வேலை மனுசனைக் காயவைத்துவிடும், உண்மைதான். அதனால்தான் அதிகாலை ஜெபம் ஐயா சொன்னதும் வேண்டும். ஆனால் நாங்கள் சின்ன வயதில் கற்ற ஒன்றை இன்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை: ஆத்தும சோதனை. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார், எந்தச் செபத்தை விட்டாலும் இதை விடாதே என்ற அளவுக்கு வலியுறுத்தியது. படுக்கும் முன் கால்மணி நேரம். முதலில் நன்றி: இன்று யார் உனக்கு நல்லது செய்தார்கள். அடுத்து ஒளி கேட்பது. அடுத்து காலையிலிருந்து நாளைத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது: எங்கே ஆண்டவர் வந்தார், எங்கே நான் அவரைத் தாண்டிப் போனேன். அப்புறம் மன்னிப்பு. கடைசியில் நாளைக்கு ஒரே ஒரு காரியம். கண்ணை மூடிக்கொண்டே செய்யலாம். எட்டுப் பேர் தூங்கும் அறையில் விளக்கு இல்லாமலும் செய்யலாம் பீடச்சிறுவன் தம்பி.

காரைக்குடி மாணவி:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. கண்மாய்க்கரை அண்ணன் எழுதியதை வாசித்த பிறகு என் கேள்வி சின்னதாகத் தெரிகிறது. இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். டீச்சர், உணர்வே இல்லாமல் செபிப்பது பொய் ஆகாதா? வாயால் “உம்மை நேசிக்கிறேன்” என்று சொல்லும்போது உள்ளே ஒன்றும் இல்லை என்றால், நான் ஆண்டவரிடம் நடிக்கிறேன் என்றுதானே அர்த்தம்? அதனால்தான் பல நாள் செபிக்காமலே எழுந்துவிடுகிறேன்.

தேவகோட்டை டீச்சர்:

நடிப்பு இல்லையம்மா. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு இரவு மூன்று மணிக்கு எழுந்து கஞ்சி வைக்கும் தாய்க்கு அந்த நேரம் பாசம் பொங்காது, தூக்கம்தான் பொங்கும். ஆனால் அவள் எழுந்ததுதான் பாசம்.

அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007இல் வெளிவந்தபோது உலகமே திகைத்தது. கல்கத்தாத் தெருவில் வேலையைத் தொடங்கிய பிறகு, ஏறத்தாழ ஐம்பது வருடம் அவருக்கு ஆண்டவரின் பிரசன்னமே உணர்வில் இல்லை. இருட்டு. தம் ஆன்ம குருக்களுக்கு அப்படித்தான் எழுதியிருக்கிறார். ஆனாலும் விடியற்காலையில் எழுந்து திருப்பலிக்குப் போனார், பிறகு சாகக் கிடப்பவர்களிடம் போனார். அவரை நடித்தார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 2016இல் திருச்சபை அவரைப் புனிதர் என்றது.

இஞ்ஞாசியார் இதற்கு ஒரு விதியே வைத்திருக்கிறார். மனசு வறண்டு இருட்டாக இருக்கும் காலத்தில், வெளிச்சமாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே. மாற்றத் தோன்றும், மாற்றாதே. மாறாக, செபத்தைக் கொஞ்சம் கூட்டு. அதேபோல வெளிச்சமான காலத்தில், இது போய்விடும், அப்போது எப்படி நடந்துகொள்ளப் போகிறேன் என்று யோசித்து வை என்கிறார். இந்த இரண்டாவதைத்தான் தியானத்தின் கடைசி நாளில் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். மானகிரிக்காரர் முதலில் சொன்ன குறை நியாயமானது.

உள்ளே ஒன்றும் இல்லை என்றால் அதையே சொல். “ஆண்டவரே, இன்று என்னிடம் ஒன்றும் இல்லை, வந்து உட்கார்ந்திருக்கிறேன்.” திருப்பாடல்களில் பாதி இப்படித்தான் இருக்கிறது.

அதிகாலை ஜெபம்:

எலியாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைப் பார்த்தவர். அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். தேவதூதன் அவரைக் கண்டிக்கவில்லை. அப்பமும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்று சொன்னான். அவர் சாப்பிட்டுத் திரும்பத் தூங்கினார். மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். பரீட்சை நேரத்தில் சரியாகச் சாப்பிடாமல் தூங்காமல் இருந்துகொண்டு, ஜெபம் வரவில்லை என்று கலங்கும் பிள்ளைகளுக்கு இந்த இடத்தைத்தான் வாசித்துக் காட்டுவேன்.

செக்காலை அல்லேலூயா:

பாடகர் குழுவிலிருந்து சிறு குறிப்பு. தியானத்தில் பாடிய பாடல்களை ஞாயிறு பூசையில் பாட அந்தப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். எங்கள் குழுவில் அப்படி வந்தவர்கள்தான் இன்று கிறிஸ்துமஸ் பாடல் பவனியையே நடத்துகிறார்கள். கூப்பிடாவிட்டால் வர மாட்டார்கள். வெட்கப்படுவார்கள்.

மானகிரிக்காரன்:

பீடச்சிறுவன் தம்பிக்கு யாரும் முழுதாகப் பதில் சொல்லவில்லை, நான் விசாரித்துக்கொண்டு வந்தேன். ஞாயிறு வேலை என்றால் சனிக்கிழமை மாலைத் திருப்பலி ஞாயிறு கடனை நிறைவேற்றிவிடும், திருச்சபைச் சட்டமே அதை அனுமதிக்கிறது. பல பேருக்கு இது தெரியாமல், ஞாயிறு தவறிவிட்டது என்று ஒரேயடியாக விலகிவிடுகிறார்கள். அதற்கும் போக முடியாதபடி வேலை என்றால் அது உன் குற்றம் இல்லை. அன்று நற்செய்தி வாசகத்தைக் கைபேசியில் வாசித்துச் செபி.

ஆனால் உன் உண்மையான கேள்வி அது இல்லை. யார் எங்களை எதிர்பார்க்கிறார்கள் என்று கேட்டாய். ஊர்ப் பங்கு உங்களை எதிர்பார்க்க வேண்டும். ஊரைவிட்டுப் போகும் ஒவ்வொரு பிள்ளையையும் அது போகும் ஊர்ப் பங்குத்தந்தையிடம் ஒரு கடிதமோ ஒரு போனோ செய்து ஒப்படைக்கலாம். கல்யாண ஓலைக்கும் ஞானஸ்நானச் சான்றிதழுக்கும் கடிதம் எழுதுகிறோமே. எங்கள் பங்கில் இதை வரும் பேரவைக் கூட்டத்தில் கேட்கப் போகிறேன். நீ திருப்பூரில் எந்தப் பக்கம் இருக்கிறாய் என்று தனிச்செய்தியில் சொல். அங்கே நம் பக்கத்து ஆட்கள் எனக்குத் தெரியும், ஒருவரையாவது உன்னைத் தேடி வரச் சொல்கிறேன்.

பழைய பீடச்சிறுவன்:

அனுப்பிவிட்டேன் அண்ணன். நன்றி. நேற்று இரவு டீச்சர் சொன்ன ஆத்தும சோதனையைச் செய்து பார்த்தேன். நன்றி சொல்ல ஆரம்பித்ததிலேயே தூங்கிவிட்டேன்.

தேவகோட்டை டீச்சர்:

நன்றி சொல்லிக்கொண்டே தூங்கினால் அது நல்ல தூக்கம் தம்பி. இன்றும் செய்.

காரைக்குடி மாணவி:

ஞாயிறு பூசை முடிந்து சிஸ்டரிடம் பேசினேன். ஐந்தாம் வகுப்புக்கு ஆள் வேண்டும் என்றார்கள், ஒத்துக்கொண்டேன். எனக்கு இன்னும் செபத்தில் ஒன்றும் தோன்றவில்லை, அதை மறைக்க விரும்பவில்லை. அடுத்த வாரப் பாடம் ஆபிரகாம். தெரியாத ஊருக்குப் புறப்படச் சொன்னதும் அவர் ஏன் ஒரு கேள்வியும் கேட்காமல் புறப்பட்டார் என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது என்று இப்போதே யோசனையாக இருக்கிறது. அம்மாவிடம் கேட்டேன், இரவு வெகுநேரம் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். நாங்கள் இப்படிப் பேசியதே இல்லை.

கண்மாய்க்கரை:

டீச்சருடைய பதிலுக்கு நான் உடனே எழுதவில்லை. யோசித்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். ஒவ்வொரு வருடமும் அவரவர் பக்கத்துக் கல்லறைகளை அவரவர் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவோம். ஃபாதர் வந்து இரண்டு பக்கமும் தனித்தனியாக மந்திரிப்பார். இந்த வருடம் தியானத்துக்கு வந்த எல்லா இளைஞர்களும் சேர்ந்து, முதல் நாளே, கோட்டின் இரண்டு பக்கமும் புல் வெட்டிச் சுத்தம் செய்யலாம் என்று கேட்கப் போகிறேன். ஒரே கூட்டமாக, ஒரே மண்வெட்டிகளோடு. பெரியவர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். முகத்தைத் திருப்பிய பையனிடம்தான் முதலில் கேட்கப் போகிறேன். அவன் வருவானா என்று தெரியாது. வராவிட்டாலும் இந்தப் பக்கம் முடித்துவிட்டு அந்தப் பக்கமும் நான் வெட்டுவேன்.

மூன்று பிள்ளைகளின் அம்மா:

தம்பி, கவனமாகச் செய். தனியாகப் போகாதே. ஃபாதரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, அவர் அங்கே இருக்கட்டும்.

கண்மாய்க்கரை:

சொல்லிவிட்டேன் அக்கா. வருகிறேன் என்றார்.

தேவகோட்டை டீச்சர்:

எந்த ஊர் என்று தனிச்செய்தியில் அனுப்பு தம்பி. நவம்பர் தொடக்கத்தில் மழை இருக்கும், அதனால் எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல். குனிந்து புல் வெட்ட எனக்கு முடியாது. மதியச் சாப்பாடு நான் சமைத்துக் கொண்டுவருகிறேன், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம்.